வெட்டாத வளையம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பாலித் தீவுக்குப் போனபோது தெங்கானான் கிராமத்தில் ஒரு சிறிய கெரிங்சிங் துணி வாங்கினேன். நடுவில் தேள் போல ஓர் உருவம். இரு முனைகளும் பிரியாமல் வளையமாக இருக்கிறது. வெட்டிச் சட்டம் போட்டு மாட்டலாமா? இதன் சிவப்பு மனித ரத்தம் என்று வழிகாட்டி சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் மாமியார் துணியை வீட்டுக்குள் விடவில்லை. வெளி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் மாமியாரைச் சமாதானப்படுத்துங்கள். அது ரத்தமல்ல, வேர். நோனிச் சாறு என்று புட்டியில் விற்கிறார்களே, அந்த மரத்தின் வேர்ப்பட்டை. நம் ஊர் நுணாவுக்கு நெருங்கிய உறவு. அந்தச் சிவப்பு பிடிப்பதற்காக நூலைக் கெமிரி என்ற மரத்தின் கொட்டை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். நீலத்துக்கு அவுரி. ஆனால் அவுரிச் சாயம் போடுவது தெங்கானானுக்குள் விலக்கு. பக்கத்து ஊரான புக்புக்கில்தான் நனைத்து வாங்குகிறார்கள்.

நெடுக்கு நூலான பாவு, குறுக்கு நூலான ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றிவிடுகிறார்கள். பாவில் சிவந்த இடத்தின் மேல் ஊடையில் சிவந்த இடம் வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் தேளுக்குக் கால் கோணிவிடும். நெய்பவள் தரையில் அமர்ந்து, முதுகுப் பட்டையால் பாவை இழுத்துப் பிடித்தபடி நெய்கிறாள். அவ்வப்போது நிறுத்திக் கூர்முனையால் நூல்களைத் தள்ளிச் சரிசெய்கிறாள். நெருக்கி அடித்துவிட்டால் நூல் நகராது. உங்கள் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை போலத் தெரியுமே, காரணம் இதுதான். மட்டமான நெசவு என்று நினைத்துவிடாதீர்கள். சாயத்தையும் சேர்த்தால் ஒரு துணி முடிய ஆண்டுகள் ஆகும். குஜராத்தின் பாட்டனில் பட்டோலாவை இதே முறையில் பட்டில் நெய்கிறார்கள். அந்தப் பட்டோலாவை இந்தோனேசியத் தீவுகளின் தலைவர்களுக்குப் பரிசளித்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காரியம் சாதித்தது தனிக்கதை.

'கெரிங்' என்றால் நோய், 'சிங்' என்றால் இல்லை. இதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். பாலியின் மற்ற ஊர்களிலும் பல் அராவும் சடங்கில் தலையணை மேல் இதை விரிக்கிறார்கள். தெங்கானான் கன்னிப்பெண்கள் திருவிழாவில் இதை உடுத்தித்தான் மர ராட்டினத்தில் ஏறுகிறார்கள்.

வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். தறியில் பாவு வட்டமாகவே ஓடுவதால், நெய்து முடித்த பிறகும் ஊடை படாத பாவு கொஞ்சம் மிஞ்சும். அந்த நூல்கள் வெட்டுப்படாத வரை துணி தெய்வத்துக்குரியது. வெட்டிய பின்பே மனிதர் உடுத்துவது. அவர்களே வெட்டுகிறார்கள் என்பதால் அது பாவமல்ல. ஆனால் அவர்கள் வெட்டுவது ஒருவர் உடுத்துவதற்காக. கண்ணாடிச் சட்டத்தில் அடங்கவில்லை என்று கத்தரியை எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

வளையத்துக்குள் ஒரு வழவழப்பான மூங்கில் கம்பை நுழைத்துத் தொங்கவிடுங்கள். வெயில் படாத சுவராக இருக்கட்டும். அதற்கு முன், இன்றைக்கே அதை மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுங்கள். எலிக்குக் கெரிங்சிங்கும் கோணிப்பையும் ஒன்றுதான்.