ஒலிம்பிக் பதக்கத்துக்குக் கோடிக்கணக்கில் பரிசு கொடுப்பது விளையாட்டைக் கெடுக்கிறதா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்தில் ஆர்வத்துக்காக விளையாடினார்கள். இப்போது பரிசுப் பணத்துக்காக விளையாடுகிறார்கள். அமெச்சூர் விளையாட்டு செத்தே போய்விட்டது." அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுவது. நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வேறு கேள்வி என்றால் படித்துவிட்டுப் போயிருப்பேன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள். நகரத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். ஷூ கிழிந்தால் வீட்டில் வேறு வாங்கித் தந்திருப்பார்கள், போட்டிக்குப் போக ஸ்கூல் வேன் வந்திருக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் விளையாடுவதற்கான செலவை யார் தருகிறார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கத் தேவைப்படாதவர்களுக்குத்தான், பணம் உள்ளே வந்ததும் விளையாட்டு அழுக்காகிவிட்டதாகத் தோன்றுகிறது.

முதலில் எவ்வளவு பணம் என்று பார்த்துவிடலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கத்துக்குப் பணம் தருவதில்லை. தருவது நாடுகளும் மாநிலங்களும். நம் மத்திய அரசு தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 30 லட்சம் தருகிறது. தமிழ்நாடு 3 கோடி, 2 கோடி, 1 கோடி என்று 2021இல் அறிவித்தது. ஹரியானாவில் தங்கத்துக்கு 6 கோடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகத் தடகள அமைப்பு, தடகளத்தில் தனிநபர் தங்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் கொடுத்தது. அதற்குத்தான் உலகம் முழுக்க அவ்வளவு கூச்சல். அந்த பாரிஸில் இத்தனை பெரிய நம் நாடு வாங்கியது மொத்தம் 6 பதக்கம். கோடி வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைப் பார்த்தா விளையாட்டு கெட்டுப்போனது என்கிறீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுவார்கள். இலை வெட்டிச் சுற்றுவது அம்மா, நுனி மடக்கிக் கட்டு கட்டுவது நானும் தங்கையும். அது முடிந்த பிறகுதான் நான் கிரவுண்டுக்குப் போகலாம். 800 மீட்டர்தான் என் ஓட்டம். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நடந்த வருவாய் மாவட்டப் போட்டியில் வெறுங்காலில் ஓடி முதலாவதாக வந்தேன். அடுத்தது மாநிலப் போட்டி, வெளியூரில். அங்கே எல்லாரும் அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ போட்டுத்தான் ஓடுவார்கள் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். அது என்ன விலை என்று கேட்டதும் அம்மா பேசாமல் பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடையை ஒட்டி அந்த ஊர் நற்பணி மன்றத்து அண்ணன்கள் ரோட்டில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பெண்களுக்குத் தனியாக, முதல் பரிசு 500 ரூபாய். ஓடினேன், ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து ரூபாயைக் கையில் கொடுத்ததும் அம்மா நம்பவே இல்லை. "எட்டி, ஓடுனதுக்கா இத்தன ரூவா தந்தாவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதில் கொஞ்சம் பீடிக் கடை முன்பணத்துக்குப் போனது. மீதியை ஸ்பைக்ஸுக்கு என்று அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார்கள்.

பேப்பரில் நெல்லைப் பதிப்பில் என் பேரோடு சின்னதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு விட்டார். காசு வாங்கிக்கொண்டு ரோட்டில் ஓடுவது நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அழகில்லை, விளையாட்டு என்பது மானத்துக்காக விளையாடுவது, பணத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதி வாங்கி வந்தால்தான் மாநிலப் போட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றார். அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, வராந்தாவில் நின்று, "பிள்ள ஓடி வாங்குன ரூவாம்மா. களவாண்டுக்கிட்டா வந்தா?" என்று கேட்டார்கள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

செலவழிந்துபோன பணத்துக்கு அம்மா வட்டிக்கு வாங்கினார்கள். இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனோம். மன்றத்து அண்ணன்கள் பணத்தை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் நாங்கள் கெஞ்சியதைப் பார்த்து, "திரும்பப் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டு, ரூபாயை அம்மா கையிலேயே வைத்து அழுத்தினார். அந்தத் தாளோடு திங்கட்கிழமை போனபோது படிவம் அனுப்பும் தேதி முடிந்திருந்தது. மாவட்டத்தில் இரண்டாவதாக வந்த பெண் மாநிலப் போட்டிக்குப் போனாள்.

அந்தத் தலைமையாசிரியையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியவர் அவர். ஆனால் விளையாடிக் காசு வாங்கினால் கேவலம் என்ற எண்ணம் அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று பிற்பாடு உடற்கல்விக் கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879இல் ஒரு விதி எழுதினார்கள். கைத்தொழில் செய்கிறவன், கூலி வேலை செய்கிறவன் அமெச்சூர் ஆக முடியாது, படகு ஓட்டக் கூடாது என்று விதி. உடம்பால் உழைத்துச் சாப்பிடுகிறவனோடு சமமாகப் போட்டி போட அந்தக் கனவான்களுக்கு மனமில்லை. இல்லாமல் போய்விட்டது என்று நீங்கள் வருத்தப்படுகிற தூய அமெச்சூர் விளையாட்டு பிறந்த வீடு இதுதான். என் அம்மாவோ, என் வகுப்பில் இருக்கும் கொத்தனார் மகளோ அந்த வீட்டு வாசலில்கூட நின்றிருக்க முடியாது.

ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் 1912 ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்து போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன்பு கோடை விடுமுறைகளில் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லி 1913இல் இரண்டையும் பறித்தார்கள். அதே இரண்டு போட்டிகளிலும் அவரோடு மோதித் தோற்றவர் ஏவரி பிரண்டேஜ். அவர் பிற்பாடு கட்டுமானத் தொழிலில் பெரும் பணக்காரராகி, 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். பணம் விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று கடைசி வரை பேசியவர். தோர்ப் 1953இல் செத்துப்போனார். பதக்கங்களைத் திருப்பித் தர முடிவு செய்யவே 1982 ஆனது. அப்போதும் கூட்டு வெற்றியாளர் என்றுதான் எழுதினார்கள். அவர் ஒருவர்தான் வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022இல்.

நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் கே.டி. ஜாதவ் வாங்கியது. 1952 ஹெல்சின்கி, மல்யுத்தம், வெண்கலம். அந்தப் பயணத்துக்காக ஊர்க்காரர்கள் காசு திரட்டினார்கள், அவர் படித்த கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஊர் திரும்பிய ஜாதவ் குஸ்திப் போட்டிகள் நடத்தி, அதில் வந்த பணத்தில்தான் அந்தக் கடனை அடைத்தார். பழைய அமெச்சூர் விதிப்படி இது குற்றம். ஆசிரியர் வீட்டை மீட்பதற்காகக் குஸ்தி போட்டவரைக் குற்றவாளி ஆக்குகிற விதி போனதே என்று நான் ஒரு நாளும் அழ மாட்டேன்.

பணம் வந்தால் ஆர்வம் போய்விடும் என்பவர்களுக்கு இன்னொன்று. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். காய்கறி விற்ற அம்மா வளர்த்த பிள்ளை. தமிழ்நாடு அரசு 2 கோடி கொடுத்தது. அதோடு அவர் படுத்துவிடவில்லை. டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

"வரிப்பணம், பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன், எங்களுக்கு என்னென்ன இல்லை என்று உங்களைவிட எனக்குத் தெரியும். பதக்கம் வாங்கியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் அந்தப் பணம் எங்கள் கிரவுண்டுக்கு வந்து சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அமெச்சூர் விளையாட்டு குறைந்துவிட்டது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் கபடியைப் பார்த்தால் தெரியும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்து, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் தாமிரபரணிக் கரைக்காரர். அந்த அளவுக்கு ஊருக்கு ஊர் அணி இருந்த பூமி இது. முன்பெல்லாம் கொடைக்கு, பொங்கலுக்கு ஆட்டம் வைத்தால் பரிசு கேடயமும் கொஞ்சம் ரூபாயும். ஆடுகிறவன் அந்தந்த ஊர்ப் பையன். இப்போது முதல் பரிசு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பிளெக்ஸ் அடிக்கிறார்கள். அதை வாங்குவதற்கென்றே வெளி மாவட்டத்திலிருந்து தேர்ந்த அணிகள் வருகின்றன. உள்ளூர்க்காரர்களே வெளியாட்களைக் கூலிக்கு இறக்கி ஊர் பேரில் ஆட விடுகிறார்கள். ஊர்ப் பையன்கள் முதல் சுற்றில் தோற்று, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அடுத்த வருஷம் அணி சேருவதில்லை.

இதனால் நான் எனக்கு நானே முரண்படுவதாக நினைக்க வேண்டாம். ஜெயித்ததற்கு மட்டும் காசு என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். விளையாடுவதற்குக் காசு வேண்டும். பஸ் கட்டணம், முட்டை, ஷூ, கால் பிசகினால் எக்ஸ்ரே. ஒலிம்பிக் வீரருக்கு அது இருக்கிறது, மத்திய அரசின் ஒலிம்பிக் பயிற்சி உதவித் திட்டமான டாப்ஸில் முதன்மைப் பிரிவுக்குத் தேர்வானவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கே தருகிறார்கள். குறுவட்டப் போட்டிக்குப் போகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் வேன் பிடிக்க வேண்டும், என் சக ஆசிரியர்களிடம் கை நீட்ட வேண்டும்.

கோவில்பட்டியைப் பாருங்கள். 1986 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். தலைமுறைகளாக அங்கே ஹாக்கி. வருஷா வருஷம் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது, செயற்கை இழை மைதானம் இருக்கிறது, அரசு விடுதியில் தங்கவைத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கிருந்து மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள், வெண்கலம் வந்தது. அந்த ஊரில் ஜெயிக்காத பையனும் மட்டையோடு சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகிறான். எங்கள் ஊர்களில் கபடிக்கு அது இல்லை. கபடி ஒலிம்பிக்கில் இல்லை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த 3 கோடி கணக்கே கிடையாது.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் பரவாயில்லை. என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றினார்கள். பி.எஃப். பணம் கேட்டுப் போனால், ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ் புத்தகத்தில் வேறு எழுத்து என்று திருப்பி அனுப்புகிறார்கள். கம்பெனியில் கையெழுத்து வாங்கி வா என்று ஓர் அலுவலகம், அந்தக் கிளையே மூடியாயிற்று என்று கம்பெனி. இருமிக்கொண்டே அந்தப் படிகளில் ஏறி இறங்கியவரைப் பார்த்தவள் நான். உழைத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்க இந்த நாட்டுக்கு இவ்வளவு தயக்கம் இருக்கும்போது, ஓடியவருக்குக் கொடுப்பது மட்டும் ஏன் உங்கள் கண்ணை உறுத்துகிறது?

சரி, கேள்விக்கு என் பதில்: கெடுக்கவில்லை. கொடுக்கட்டும், இன்னும் கூடக் கொடுக்கட்டும். அதே கையால் கீழேயும் கொடுக்கட்டும்.

என் பள்ளியில் கபடி ஆடும் பிள்ளைகளின் அப்பாக்கள் சேர்க்கும்போதே கேட்பார்கள், "டீச்சர், இத ஆடுனா பிள்ளைக்கு என்ன கெடைக்கும்?" ஆர்வத்துக்காக ஆட வேண்டும் என்று நான் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு எந்த அளவுப் போட்டியின் சான்றிதழ் செல்லும், எந்தப் படிவத்தில் வாங்க வேண்டும், விளையாட்டு விடுதித் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படிவம் அனுப்பும் கடைசித் தேதியை மட்டும் சிவப்பு மையில் எழுதுவேன்.