எங்கள் வழி மட்டுமே: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

‘நாங்கள் சொல்வது மட்டுமே உண்மை’ என்று மதங்கள் ஏன் அடித்துச் சொல்கின்றன? இதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. சமயங்களின் வரலாறு எனக்குத் தெரியும். அருள்வாக்கு தெரியாது.

தெம்பனிஸ்: எல்லா மதமும் ஏன் ஐயா இப்படிச் சொல்கிறது?

எல்லாம் சொல்வதில்லை. வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனப் பாட்டி, அப்படியே பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று, ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். எது உண்மை என்ற கேள்வியே அங்கே இல்லை. பேரனுக்குப் பரீட்சை, அவ்வளவுதான். வரம் கேட்கிற இடத்தில் போட்டி வராது. ‘செத்த பிறகு என்ன, கரையேற வழி எது’ என்று பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் வரும். பிறவி ஒன்றா, பலவா? இரண்டும் சரியாக இருக்க முடியாதே.

இன்னொரு காரணம் வேலி. ‘திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை’ என்ற கருத்தை 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் எழுதியபோது, அவர் மனத்தில் இருந்தவர்கள் பிரிந்துபோன கிறிஸ்தவர்கள். பங்காளிச் சண்டை! பிறகு 1442இல் ஆயர்கள் கூடிய ஃப்ளாரன்ஸ் சங்கம் அதை யூதர்கள், பிற மதத்தார் எல்லாருக்கும் சேர்த்து நீட்டியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற மதங்களில் உள்ள உண்மையானதை மறுப்பதில்லை என்று இறங்கி வந்தது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு வரியை மட்டும் உருவாதீர்கள். யார், யாரிடம், எந்தச் சண்டையில் சொன்னது என்று பாருங்கள்.

பொங்கோல்: சரி, எந்த மதம்தான் உண்மை?

அருள்வாக்கு இல்லை என்றேனே.

கேலாங்: குர்ஆனில் 3:85 (இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது) ஒரு மாதிரியும் 2:62 (யூதர், கிறிஸ்தவர் உள்பட, இறைவனையும் இறுதி நாளையும் நம்பி நல்லது செய்பவர்களுக்குக் கூலி உண்டு) வேறு மாதிரியும் ஒலிக்கிறதே?

‘இஸ்லாம்’ என்ற சொல்லை அங்கே எந்தப் பொருளில் எடுப்பது என்பதிலேயே விளக்கங்கள் வேறுபடுகின்றன. நான் அரபு படித்தவன் அல்லன். பள்ளிவாசலில் ஆலிம் ஒருவரைக் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்: நம் சைவத்தில் இந்தப் பிடிவாதமே கிடையாது. ‘யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்’ என்று நம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரே சொல்கிறது.

அண்ணே, உருவாதீர்கள் என்று இப்போதுதான் சொன்னேன். அதே பாட்டின் அடுத்த வரிகள்: மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், இவை இல்லாதவனே அறிந்து அருள் செய்வான். அதாவது நீங்கள் யாரைக் கும்பிட்டாலும் பலன் கொடுப்பவர் எங்கள் சிவன். நூலின் பரபக்கம் என்ற பகுதி முழுக்க மற்றக் கொள்கைகளை வரிசையாக நிறுத்தி மறுப்பதுதான். சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டுக்குப் பத்தாம் பாட்டு சமணரும் பௌத்தரும் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரியாததா?

உட்லண்ட்ஸ், மறுபடியும்: மறுப்பது வாதம். ‘உனக்கு மீட்பில்லை’ என்பது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். கதவைச் சாத்துவதும், ‘உன் வீடும் என் பட்டாவில்தான் இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. ஆனால் பட்டா யார் பெயரில் என்று இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஜெர்மானிய இயேசு சபைக் குரு கார்ல் ராணர் 20ஆம் நூற்றாண்டில் இதையேதான் செய்தார்: நல்ல இந்து ‘பெயரிடப்படாத கிறிஸ்தவர்’. கேட்டு உங்களுக்குச் சந்தோஷமா?

கிளமெண்டி: கத்தோலிக்கனாகச் சொல்கிறேன், அவர் பெரிய மனசோடுதான் சொன்னார்.

சித்தியாரும் பெரிய மனசோடுதான் சொன்னது. அதுதான் என் கட்சி.

ஜூரோங்: சக ஊழியர் தினமும் தன் சபைக்கு அழைக்கிறார். சட்டப்படி தப்பில்லையா?

நான் வக்கீல் இல்லை. நம் 1990ஆம் ஆண்டு மத நல்லிணக்கச் சட்டத்தின் குறி பகை மூட்டுவது. தன் மதமே உண்மை என்று நம்புவதை அது தடுக்கவில்லை. ‘வேண்டாம் பா’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிப் பார்த்தீர்களா?

செங்காங், பீஷான், ஈசூன்: எந்த மதம் உண்மை?

மூவரும் மேலே பொங்கோலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ்: நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தெரியும். சனிக்கிழமை காலை தேக்கா சந்தை, கோப்பி என் செலவு. சித்தியார் கொண்டு வாருங்கள், நாலு வரியும் இருக்கிற பதிப்பாக.