கேள்வி – பதில்: ஒதுங்கி நின்ற அமெரிக்கா உள்ளே வந்த வழி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நடுநிலை என்று சொன்ன அமெரிக்காவை பேர்ல் ஹார்பர் தாக்குதல்தானே இழுத்துவிட்டது, ஐயா? (வாசகர், மோல்மீன்)

பதில்: 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் நடத்திய அந்தத் தாக்குதல் கடைசிப் படி. முதல் படி வியாபாரம். முதல் உலகப் போரில் கடனும் கப்பலும்தான் தங்களை மாட்டிவிட்டன என்ற கசப்பில், 1935 முதல் 1937 வரை நடுநிலைச் சட்டங்கள் போட்டார்கள். போரிடும் நாட்டுக்கு ஆயுதமும் இல்லை, கடனும் இல்லை. 1939 நவம்பரில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆயுதம் வாங்கலாம், ஆனால் ரொக்கம் வைக்க வேண்டும், சொந்தக் கப்பலில் ஏற்றிப் போக வேண்டும். அமெரிக்கக் கப்பல் போர் நடக்கும் கடலுக்குள் போகக்கூடாது. பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் கடல் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே வந்து ஏற்ற முடியும்? பிரிட்டனுக்குத்தான் கடை திறந்திருந்தது.

1940 முடிவதற்குள் பிரிட்டனிடம் டாலர் வற்றிவிட்டது. அந்தச் செப்டம்பரிலேயே அமெரிக்கா 50 பழைய நாசகாரிப் போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, 99 ஆண்டுக் குத்தகைக்கு பிரிட்டிஷ் தளங்களை வாங்கியிருந்தது. 1941 மார்ச் 11-ல் கடன்-குத்தகைச் சட்டம் வந்தது; முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். ரொக்க நிபந்தனை போயிற்று. இனி சரக்கு நடுக்கடலில் மூழ்கினால் கொடுத்தவருக்கும் கை சுடும். ஆகவே சரக்குப் போகும் கடல்வழியைக் காக்க ஜூலையில் ஐஸ்லாந்தில் அமெரிக்கப் படை இறங்கியது.

செப்டம்பர் 4-ல் 'கிரீர்' என்ற அமெரிக்க நாசகாரி ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, அது இருக்குமிடத்தை பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொன்னது. விமானம் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. பிறகு நீர்மூழ்கி கிரீர் மேல் டார்பிடோ விட்டது, படவில்லை. 11-ம் தேதி வானொலியில் பேசிய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், முதலில் சுட்டது ஜெர்மானியரே என்றார். பின்தொடர்ந்த கதையையும் விமானத்தையும் சொல்லவில்லை. அரைப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைத்தார்! அன்று முதல் கண்டால் சுடலாம் என்றாயிற்று. சரக்குக் கப்பல்களுக்கு வழித்துணையும் தொடங்கியது. அக்டோபர் 31-ல் அப்படி வழித்துணை போன 'ரூபன் ஜேம்ஸ்' என்ற அமெரிக்க நாசகாரி ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை 212-க்கு 194 என்ற வாக்கில், போர்க்கடலுக்குள் போகும் தடையையும் நீக்கியது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்போது இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

கேள்வி: அமெரிக்கா போரில் சேரும் முன்பே ரங்கூன் துறைமுகத்தில் அமெரிக்கச் சரக்கு இறங்கியது என்கிறார்களே? (வாசகர், தாட்டோன்)

பதில்: உண்மை. ஜனாதிபதி 'போர் நிலவுகிறது' என்று அறிவித்தால்தான் நடுநிலைச் சட்டம் உயிர் பெறும். 1937-ல் சண்டையில் இறங்கிய ஜப்பானும் சீனாவும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை. ரூஸ்வெல்ட்டும் வாய் திறக்கவில்லை. சீனாவுக்கு விற்க வழி இருந்தது. ஜப்பான் சீனக் கரையை அடைத்ததும், ரங்கூனில் இறக்கி, ரயிலில் லாஷியோ, அங்கிருந்து 1,150 கிலோமீட்டர் மலைப்பாதையில் சீனாவின் குன்மிங். ஜப்பானின் நெருக்கடியால் 1940 ஜூலையில் பிரிட்டன் இந்தப் பாதையை மூன்று மாதம் மூடியது தனிக்கதை.

1941-ல் அமெரிக்க விமானிகள் படையிலிருந்து ராஜினாமா செய்து, சீனாவுக்காகப் போரிட ஒரு தனியார் கம்பெனியின் ஒப்பந்தத்தில் வந்து, டவுங்கூ அருகே பயிற்சி எடுத்தார்கள். மாதம் சுமார் 600 டாலர்; வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500. காகிதப்படி அவர்கள் கம்பெனி ஆட்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் விழும் முன், லாஷியோவுக்கு ஏற்ற முடியாமல் தங்கிப்போன லாரிகளையும் டயர்களையும் துறைமுகத்திலேயே அழித்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

கேள்வி: ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியது யார்? (வாசகர், யாங்கோன்)

பதில்: 1941 ஜூலை 26-ல் அமெரிக்கா தன்னிடமிருந்த ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. அனுமதிச் சீட்டு பெற்றால் எண்ணெய் வாங்கலாம் என்று வாசல் திறந்தே இருந்தது. சீட்டு கிடைத்தாலும், முடங்கிய டாலரை விடுவிக்க வேண்டிய அதிகாரிகள் விடுவிக்கவில்லை. தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிலிருந்து வாங்கிய நாடு ஜப்பான்.