வளையல் இறுகினால் டேப்பை எடுங்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம் பற்றி வாசகிகள் கேட்டவற்றுக்கு, நிணநீர் வீக்கச் சிகிச்சையில் அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு மாதமாக, மாலையானால் வலது கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று தூக்கமே இல்லை. (தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் நிணநீர் வீக்கமாகத்தான் இருக்கும்; அதாவது, திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் (லிம்ஃப்) கையில் தேங்குவது. ஆனால் நாமாக ஊகிக்க வேண்டாம். புதிதாக வந்த வீக்கத்தை உங்கள் புற்றுநோய் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அக்குளில் நிணநீர்க்கணுக்களை, அதாவது நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை, எடுத்திருப்பார்கள், கதிர்வீச்சும் கொடுத்திருக்கலாம். கையின் நிணநீர் வடிந்துபோகும் வழி அதுதான். வடிவாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் நிற்கும் என்பதைத் தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்? கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

தையல் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். 2 செ.மீ. வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். விரலால் அழுத்தினால் குழி விழும் நிலையில் வந்தால் கை நன்றாக வடியும். வருடக்கணக்கில் விட்டால் உள்ளே கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும்.

கேள்வி: நீர் மாத்திரை போடலாமா?

பதில்: இதற்காக வேண்டாம். தேங்கியிருப்பது வெறும் நீரல்ல, புரதம் கலந்தது. மாத்திரை நீரை மட்டும் இழுக்கும். புரதம் அங்கேயே இருந்து மறுபடியும் நீரைச் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நானே இறுக்கிக் கட்டினேன். விரல்கள் பூரி போல உப்பிவிட்டன. எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவியும் பார்த்தேன். (மதுரை)

பதில்: இரண்டையும் நிறுத்துங்கள். நாங்கள் கட்டுவது அதிகம் நீளாத வகைத் துணி. முதலில் மெல்லிய உறை, பிறகு விரல் விரலாகச் சன்னக் கட்டு, அதன்மேல் பஞ்சுப் பட்டை, கடைசியில் அடுக்கடுக்காக அந்தத் துணி. விரல் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் தோள் பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். கட்டோடு கையை அசைக்கும்போது, விரியும் தசை துணியில் முட்டி நீரை மேலே தள்ளுகிறது. கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் பாதிப் பலன்தான்.

நிணநீர் மசாஜில் தோல் நகர வேண்டும், சதை அழுந்தக் கூடாது. பார்ப்பவர்களுக்கு, "இதற்கா காசு?" என்று தோன்றும். வீங்கிய கையில் ஆரம்பிப்பதும் இல்லை. கழுத்து, மறுபக்க அக்குள் என்று நீர் போய்ச் சேர வேண்டிய இடங்களில் முதலில் வழி செய்துகொள்கிறோம். இரண்டு முதல் நான்கு வாரம் இப்படி நடக்கும். கை இறங்கிய பிறகுதான் அளவெடுத்து அழுத்த உறை, அதாவது ஸ்லீவ். வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கி, பணத்தை வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: குடம் தூக்காதே, துணி பிழியாதே என்று மாமியார் எதையுமே தொடவிடுவதில்லை. (சேலம்)

பதில்: அவருடைய அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முன்பு மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதும் குறைந்திருந்தது. 'படிப்படியாக' என்பதுதான் முக்கியம். அரைக்கிலோவில் ஆரம்பியுங்கள். நிறைகுடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி: கை சிவந்து சுடுகிறது, குளிர்காய்ச்சல் அடிக்கிறது. கட்டைத் தொடரலாமா?

பதில்: கட்டை அவிழ்த்துவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்கடியில் கிருமித்தொற்று; ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். சரியானதும் மற்றதைப் பார்ப்போம்.

கேள்வி: பஸ்ஸில் ஒரு பெண், "யானைக்கால் மாதிரி கையிலும் வருமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கல்யாணம், கோயில் எதற்கும் போவதில்லை. "உயிர் பிழைத்தாயே, கைதானே" என்கிறார் கணவர்.

பதில்: யானைக்கால் கொசு பரப்பும் புழுவால் வருவது, உங்களுடையது யாருக்கும் ஒட்டாது. அந்தப் பெண்ணை விடுங்கள், "கைதானே" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. புற்றுநோயை மறக்க நினைப்பவருக்குத் தினமும் ஜாக்கெட் போடும்போது அதை ஞாபகப்படுத்துவது இந்தக் கைதான். அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கட்டுப் போட அவருக்குக் கற்றுத்தருகிறேன். ஒரு கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்வது எவ்வளவு பாடு என்பது அப்போது தெரியும்.

என்னிடம் வந்த ஒரு அம்மா முந்தானையால் கையை மூடியபடியே பேசுவார். டெய்லரிடம் இரண்டு கைக்கும் தனித்தனி அளவு கொடுத்து, வலது கையில் மட்டும் மடிப்புத்துணி விட்டுத் தைக்கச் சொன்னேன். கை இறங்க இறங்க அவரே பிடித்துத் தைத்துக்கொண்டார். நான்காவது வாரம் முந்தானை அதன் இடத்தில் இருந்தது. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதுவும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

கேள்வி: சித்திரை வெயிலில் ஸ்லீவ் போட முடியவில்லையே?

பதில்: இரண்டு வாங்கி மாற்றிப் போடுங்கள். தினமும் துவைத்து நிழலில் காயவையுங்கள். சுமார் ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், அப்போது புதியது வாங்குங்கள். இரவில் கழற்றிவிட்டுத் தூங்கலாம்.