குவிக்லோட் இருந்தும் பேக்கேஜ் இல்லை என்று ஏன் வருகிறது?

கேள்வி: காமன் லிஸ்பில் ஒரு கமாண்ட் லைன் கருவி எழுதுகிறேன். ஒரே ஒரு கட்டளைக்குத்தான் ட்ராக்மா (ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பும் லைப்ரரி) தேவை, எப்போதும் லோட் செய்தால் தொடக்கம் மெதுவாகிறது. அந்த ஃபங்ஷனுக்குள் முதல் வரியில் குவிக்லோட் (லைப்ரரிகளை இறக்கித் தரும் குவிக்லிஸ்பின் லோட் கட்டளை), அடுத்த வரியில் ட்ராக்மாவின் ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்று எழுதினால், ஃபைலை லோட் செய்யும்போதே ட்ராக்மா என்ற பேக்கேஜ் இல்லை என்கிறது. ரெப்லில் (அடித்ததை உடனே ஓட்டிக் காட்டும் லிஸ்ப் திரை) வரிவரியாக அடித்தால் மட்டும் ஓடுகிறது. ஏன்?

பதில்: குவிக்லோட் மேல் தப்பில்லை, அது இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. லிஸ்ப் ஒரு டிஃபன்னை (ஃபங்ஷன் வரையறையை) முதல் அடைப்புக்குறியிலிருந்து கடைசி அடைப்புக்குறி வரை முழுசாகப் படித்த பிறகுதான் கம்பைல் செய்யும், அப்படிப் படிக்கும்போதே பேக்கேஜ் பெயரும் கோலனும் போட்ட ஒரு சிம்பல் எதிர்ப்பட்டால் அந்த பேக்கேஜ் அந்த நொடியே இருந்தாக வேண்டும். ரெப்லில் நீங்கள் அடிப்பது இரண்டு தனித்தனி ஃபார்ம்கள். முதலாவது ஓடி முடிந்த பிறகுதான் இரண்டாவதைப் படிக்கிறது.

சின்ன வேலைக்கு யுஐஓபி என்ற துணை லைப்ரரியின் சிம்பல்-கால் போதும். பேக்கேஜ் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் கீவேர்டாகக் கொடுத்து, பின்னால் ஆர்க்யுமென்ட்களைப் போடுங்கள். தேடுவது ஓடும்போதுதான் நடக்கும். ஏஎஸ்டிஎஃப் 3 (லிஸ்ப் சிஸ்டங்களை பில்ட் செய்து லோட் செய்யும் கருவி) இருந்தால் யுஐஓபியும் கூடவே வந்துவிடும். ஸ்ட்ரிங்காகக் கொடுப்பதென்றால் பெரிய எழுத்தில் கொடுங்கள், சின்ன எழுத்தில் எழுதி இன்டர்ன் செய்தால் (அந்தப் பெயரை பேக்கேஜில் சிம்பலாகப் பதிந்தால்) அதே பெயரில் வெற்று சிம்பல் ஒன்று புதுசாகப் பிறந்து, ஃபங்ஷன் இல்லை என்று வேறொரு பிழை வரும்.

ஆனால் மேக்ரோ வந்துவிட்டால் சிம்பல்-கால் கைகொடுக்காது, ஏனென்றால் மேக்ரோ கம்பைல் நேரத்திலேயே விரிந்தாக வேண்டும். அதனால் நான் செய்வது வேறு: ட்ராக்மாவைத் தொடும் கோட் எல்லாவற்றையும் ஒரு தனி ஃபைலுக்கு, அதற்கென ஒரு பேக்கேஜோடு மாற்றி, கருவியின் ஏஎஸ்டி ஃபைலிலேயே (ஏஎஸ்டிஎஃப் படிக்கும் சிஸ்டம் வரையறை ஃபைல்) பெயருக்கு நடுவே சாய்கோடு போட்ட துணை சிஸ்டமாக அறிவித்துவிடுவேன். ட்ராக்மாவைச் சார்ந்திருப்பது அந்தத் துணை சிஸ்டம் மட்டும்தான். உள்ளே வழக்கம்போல் கோலன் போட்டு எழுதலாம், மேக்ரோவும் ஓடும். முதன்மை கோடில் ஏஎஸ்டிஎஃபின் லோட்-சிஸ்டம், அப்புறம் ஒரே ஒரு சிம்பல்-கால், அவ்வளவுதான். இங்கே குவிக்லோட் வேண்டாம், பயனர் ஏதோ ஒரு கட்டளை அடித்ததும் கருவி சொல்லாமல் கொள்ளாமல் நெட்டிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். குவிக்லிஸ்ப் இல்லாத கணினியிலோ உங்கள் ஃபைலைப் படிக்கும்போதே இதே பிழை வரும், ஏனென்றால் குவிக்லோட்டும் இன்னொரு பேக்கேஜின் சிம்பல்தானே!

த்ரெட்கள் இருந்தால் அந்த லோட்-சிஸ்டமை ஒரு லாக்குக்குள் வையுங்கள். இரண்டு த்ரெட் ஒரே சமயத்தில் லோட் செய்ய ஏஎஸ்டிஎஃப் தோதானதல்ல.

கருவியை எஸ்பிசிஎல்லில் (ஒரு காமன் லிஸ்ப் கம்பைலர்) ஒரே பைனரியாகத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. எல்லாவற்றையும் லோட் செய்துவிட்டு இமேஜை (லிஸ்பின் அப்போதைய நினைவக நிலை முழுவதையும்) சேமித்தால், லோட் செய்யும் நேரம் முழுக்க பில்டிலேயே கழிந்துவிடும்.