கர்ப்பமானதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தைராய்டு சுரப்புக் குறைவுக்காக மூன்று ஆண்டுகளாகத் தினமும் 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் சாப்பிட்டு வந்தேன். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்திவிடு. தோட்டத்தில் நாங்களெல்லாம் மாத்திரை போட்டா பிள்ளை பெற்றோம்?" என்கிறார் மாமியார். இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். ஒரே அசதி. நான் செய்தது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கையே, நாளைக் காலையே அந்த மாத்திரையை மறுபடியும் தொடங்குங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், மாத்திரையை நிறுத்தியிருந்த விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பிங்க் புத்தகத்தில் (கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் பதிவேடு) தைராய்டு பற்றிக் குறிப்பு இல்லையென்றால் தாதியிடம் கேட்டு எழுத வையுங்கள்.

லெவோதைராக்சின் பிள்ளைக்கு ஆகாத மருந்து அன்று. உங்கள் கழுத்திலுள்ள சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் அது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் தைராய்டு ஏறக்குறைய 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும். முழுமையாக இயங்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் தாயிடமிருந்தே போக வேண்டும். அதனால் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தின் தேவை கூடும். பலருக்குக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை. எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்வார். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறையும், 30 வாரத்தை ஒட்டி ஒரு முறையும் இந்தப் பரிசோதனை தேவை. பொதுவாக டி.எஸ்.எச். அளவு 2.5 mIU/L-க்குள் இருப்பது நல்லது.

குழந்தைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சுரப்புக் குறைவைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், ரத்த அழுத்தம் ஏறும் பிரிஎக்லாம்சியா, பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு என்று தாயையும் சேர்த்தே ஆபத்து நெருங்குகிறது. உங்கள் அசதி கர்ப்பத்தால் வந்ததா தைராய்டால் வந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபமில்லை. பேரப்பிள்ளை மீதுள்ள அக்கறையில் பேசுகிறார். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் தைராய்டை யார் பரிசோதித்தார்கள்? கரு கலைந்தால் 'தங்கவில்லை' என்று சொல்லி, மறுவாரமே பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கான காலை ஆள்கணக்கெடுப்பு) போன பெண்கள் எத்தனை பேர்! காரணம் தெரியாமலே போன துயரங்கள் அவை. அடுத்த முறை அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். தாதி வாயால் கேட்டால் நம்புவார்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம் இது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கணவர் வேலைக்குக் கிளம்பும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாறல். காப்பி, மைலோ, சோயா பால் எல்லாம் அதற்குப் பிறகே. இரும்புச்சத்தை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். காலையில் குமட்டிக்கொண்டு வந்தால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது தைராய்டு மாத்திரையைச் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஐந்து மாதம் கடந்தபின் கடும் தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவம் ஆனதும் மருந்தின் அளவைப் பழையபடி குறைப்பார்கள். ஆறு வாரத்தில் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.