கறிவேப்பிலை எண்ணெய் காய்ச்சினால் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி இது: காரமடைப் பக்கம் இரண்டு ஏக்கரில் கறிவேப்பிலை போட்டிருக்கிறோம். விலை இறங்கினால் வெட்டுக்கூலிகூடத் தேறுவதில்லை. இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தால் சர்க்கரை நோய்க்கும், கிருமிகளைக் கொல்லவும் மருந்தாக விற்கலாம் என்கிறார்கள். உண்மையா?

எண்ணெய் கண்டிப்பாக வருங்க. கிருமி விஷயத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் சர்க்கரை நோய்க்கு என்று ஆய்வு செய்யப்பட்ட பொருள் அந்த எண்ணெயில் வராது. நான் மேட்டுப்பாளையத்தில் தைலம் வாங்கி விற்கும் ஒருவரின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்தில் ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சம் ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் கறிவேப்பிலையின் குடும்பம் என்பதால் அவற்றிலும் இப்படித் தெரியும். தைலமர (யூகலிப்டஸ்) இலையிலும் உண்டு.

அந்தச் சுரப்பிக்குள் இருப்பது ஒரே பொருள் அல்ல, பல டஜன் பொருள்களின் கலவை. பெரும்பாலானவை டெர்ப்பீன்கள். ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளை மரம் ஒன்றோடொன்று கோத்து இவற்றை உண்டாக்குகிறது. இரண்டு அலகு சேர்ந்தால் பத்து கார்பன்: பைனீன், சபினீன், லினலூல், சினியோல் மாதிரியானவை. மூன்று சேர்ந்தால் பதினைந்து கார்பன்: கேரியோஃபில்லீன் இந்த வகை. கறிவேப்பிலை எண்ணெயில் ஆல்ஃபா-பைனீன், சபினீன், பீட்டா-ஃபெலாண்ட்ரீன், பீட்டா-கேரியோஃபில்லீன் ஆகியவைதான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். எது எத்தனை சதவீதம் என்பது மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். இணையத்தில் ஒருவர் போட்ட பட்டியலை உங்கள் செங்காம்பு ரகத்துக்கு அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது.

இனி காய்ச்சும் வேலை. சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி, கேரியோஃபில்லீனுக்கு அதைவிட வெகு அதிகம். ஆனாலும் நூறு டிகிரியைத் தொடாத நீராவியோடு இரண்டும் வந்துவிடுகின்றன. தண்ணீரோடு கலக்காத எண்ணெய்க்குத் தனியாக ஓர் ஆவியழுத்தம் உண்டு. தண்ணீரின் அழுத்தமும் எண்ணெயின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். குளிர்ந்ததும் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே. ஆய்வகத்தில் இதற்கு நாங்கள் பயன்படுத்துவது கிளெவெஞ்சர் கருவி. 1928-இல் வந்த வடிவம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

இந்த நீராவி ஒரு சல்லடை. எளிதில் ஆவியாகும் சிறிய மூலக்கூறுகளை மட்டும் விடும். பைனீனின் மூலக்கூறு எடை 136, கேரியோஃபில்லீன் 204. கறிவேப்பிலையைப் பற்றி வரும் சர்க்கரை நோய் ஆராய்ச்சிகளில் பேசப்படுவது பெரும்பாலும் மகானிம்பின் போன்ற கார்பசோல் அல்கலாய்டுகள் என்னும் நைட்ரஜன் கொண்ட பொருள்கள். மகானிம்பினின் எடை 331. அது ஆவியோடு கிளம்பாது, காய்ச்சி முடித்து நீங்கள் வெளியே கொட்டும் இலையிலேயே தங்கிவிடும். அந்த ஆராய்ச்சிகளும் இலையைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவைதான் அதிகம். அதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்த முடியாது. வேம்புக்கும் இதே கதைதான், அதன் பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டின் நீராவியில் வடித்த எண்ணெயில் வராது. இலைக்குச் செய்த ஆய்வை எண்ணெய்ப் பாட்டிலின் லேபிளில் ஒட்டுவது இந்த வியாபாரத்தில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஏமாற்று.

கிருமி விஷயத்துக்கு வருவோம். இந்த எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. பாக்டீரியாவின் சவ்வுக்குள் நுழைந்து அதைக் கலைத்துவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசியும், செல் சாகும். ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை இதற்குச் சுலபமாக மசியும். ஈ.கோலி மாதிரி வெளியே இன்னொரு சவ்வு போட்டுக்கொண்டிருப்பவை அவ்வளவு எளிதில் மசியாது. மூலக்கூறின் அமைப்பும் முக்கியம். ஃபீனால் வகை வலுவானது, ஆல்டிஹைடும் அப்படித்தான். ஆல்கஹால்கள் நடுவில். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட வெறும் ஹைட்ரோகார்பன்கள் பொதுவாக மந்தம். கறிவேப்பிலை எண்ணெயில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகைதான் என்பதைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறு பண்ணையில் கிராம்பு மரம் பார்த்திருப்பீர்கள். அதன் இலை எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால் என்ற ஃபீனால் இருக்கும். பல் மருத்துவரிடம் போனால் வருகிற வாசனை அதுதான். பட்டை மரம் இன்னும் வேடிக்கை: மரத்தோலில் சின்னமால்டிஹைடு, இலையில் யூஜினால். ஒரே மரம், இரண்டு எண்ணெய், இரண்டு விலை.

‘கிருமியைக் கொன்றது’ என்று ஒரு கட்டுரை சொன்னால் அளவைப் பாருங்கள். ஆன்டிபயாடிக்குகள் ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும். இலை எண்ணெய்களுக்குப் பெரும்பாலும் மில்லிகிராம் தேவைப்படும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். தோலில், தரையில், சோப்பில் அந்த அளவு சாத்தியம். ரத்தத்தில் சாத்தியமே இல்லை. அப்புறம் கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் எண்ணெய் நனைத்த காகித வட்டத்தை வைத்து, சுற்றிலும் தெளிந்த இடத்தை அளப்பார்களே, அந்தச் சோதனை எண்ணெய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது, பாதி ஆவியாகிப் போய்விடும்.

தைலத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நீலகிரியில் தைலமரம் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அப்படி வந்த குளோபுலஸ் என்ற இனத்தின் எண்ணெயில் சினியோல்தான் ராஜா. ஐரோப்பிய மருந்துத் தரநூல் குறைந்தது 70 சதவீதம் கேட்கிறது. சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கும் தைலமரம் வேறு இனம், அதில் பைனீன் கூடி சினியோல் குறைந்திருக்கும். அதைக் கொண்டுவந்து ‘ஊட்டித் தைலம்’ என்று சொல்பவர்களை எங்கள் ஆய்வகத்தின் பகுப்பாய்வுக் கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சளி பிடித்தால் எங்கள் அமுச்சி (பாட்டி) நொச்சியும் தைல இலையும் போட்டுக் கம்பளிக்குள் வேது பிடிக்க வைப்பார். அங்கே நடப்பதும் நீராவி வடித்தல்தான். மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வில் ஒரு பங்கு, குளிரை உணரும் நரம்பு ஏற்பியைச் சினியோல் தூண்டுவதால் வருவது. மெந்தாலை வைத்துச் செய்த சோதனைகளில், காற்றுப் பாதையின் தடை குறையாமலே ‘நன்றாக மூச்சு வருகிறது’ என்று ஆட்கள் சொன்னார்கள். அதற்காகச் சினியோலைத் தள்ளிவிட வேண்டாம். ஜெர்மனியில் 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை கேப்சூலாகக் கொடுத்து சைனஸ், ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். அது சுத்தப்படுத்திய, அளந்த மருந்து. பாட்டில் தைலத்தைக் குடிப்பது வேறு, அது விஷம். கைக்குழந்தைகளின் மூக்கிலும் நெஞ்சிலும் தைலமோ கற்பூரமோ தடவவே தடவாதீர்கள், வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு.

சரி, உங்கள் இரண்டு ஏக்கர். எண்ணெய் எவ்வளவு தேறும் என்று தேடினால் அரை சதவீதத்துக்குக் கீழேயும் எண் கிடைக்கும், ஐந்து சதவீதமும் கிடைக்கும். பச்சை எடையா, காய்ந்த எடையா, நீராவியா, கரைப்பானா என்று பார்க்காமல் அந்த எண்களை நம்பிக் கொதிகலன் வாங்காதீர்கள். ஒரு மூட்டைப் பச்சை இலையை ஏதாவது ஓர் ஆய்வகத்தில் வடித்துப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். வாசனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தாளிப்பில் எழும் அந்தக் கறிவேப்பிலை மணத்துக்கு முக்கியக் காரணம் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு கந்தகப் பொருள், 1-ஃபீனைல்ஈத்தேன்தயால். இலை காயக் காய மணம் போய்விடும். அதனால் வெட்டிய அன்றே காய்ச்சுவது நல்லது.

மருந்து அடித்த இலை வேண்டாம். பூச்சிக்கொல்லிகளில் பல கொழுப்பில் கரைபவை, கொஞ்சம் ஆவியோடு வந்து எண்ணெயில் செறிந்துவிடலாம். எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் ஜி.சி.-எம்.எஸ். அறிக்கையோடு பூச்சிக்கொல்லி எச்ச அறிக்கையும் வாங்குபவர் கேட்பார். மசாலா, சோப்பு, வாசனைக் கம்பெனிகள்தான் உங்கள் சந்தை. எடுத்த எண்ணெயைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி நிழலில் வையுங்கள். காற்றுப் பட்டால் பைனீனும் கேரியோஃபில்லீனும் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலில் அரிப்பு தரும் பொருள்கள் உண்டாகலாம். தெர்மாகோல் பெட்டியில் அனுப்பாதீர்கள், சிந்தினால் பெட்டியே கரைந்துவிடும்.